தெபெல்லோவின் இருமல்

குழாயடியில் நின்ற பெண் ஒருத்தி, "இருமல் நின்னுடுச்சா தெபெல்லோ?" என்று கேட்டாள். இங்கிரிட்டுக்கு இருமலே கிடையாது. தான் அரைகுறையாகக் கற்ற மொழியின் மேல் பழியைப் போட்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலைகளுக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு, தங்கும் வீட்டார் ஒரு பெயர் வைப்பது வழக்கம். மினசோட்டாவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த இங்கிரிட்டுக்கும் வைத்தார்கள். வீட்டுக்கார அம்மா மாதெபெல்லோ, ஊர் கூடி நிற்க, பழைய கம்பளி ஒன்றை அவள் தோளில் போர்த்தி, இனி நீ தெபெல்லோ என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். இங்கிரிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பளியில் ஈர மண் வாடை அடித்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதெபெல்லோ என்றால் தெபெல்லோவின் அம்மா; பிள்ளையின் பெயரால்தான் அங்கே தாயைக் கூப்பிடுவார்கள். தனக்காகத்தான் அந்த அம்மா அப்படிப் பெயரை மாற்றிக்கொண்டாள் என்று நினைத்து உருகிப்போனாள், அசடு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பெஞ்சின் முதுகில் 'மாதெபெல்லோ உபயம்' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் பாதி உதிர்ந்து, மரத்தோடு மரமாகிப் போயிருந்தது. அப்படியானால் எனக்கு முன்னாலும் ஒரு தெபெல்லோ இருந்தாளா? யாரிடமும் அவள் கேட்கவில்லை. வந்த இடத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு.

மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. உனக்குப் பிடிக்குமே என்று சொல்லிச் சோளக் களியில் பால் ஊற்றிக் கொடுத்தாள் மாதெபெல்லோ. கட்டிலுக்கடியில் கிடந்த பழைய செருப்பு அளவெடுத்துத் தைத்ததுபோல் காலில் பொருந்தியது. வெள்ளைக்காரி, வெள்ளைக்காரி என்று பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள் ஒருநாள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஊர் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இங்கிரிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இடுகாட்டுக்கு மேலேயுள்ள குன்றில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மூச்சிரைக்க ஏறிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.

"அதான் நேத்தே சொன்னியேடி," என்றாள் அம்மா.

நேற்று அவள் குன்றேறவே இல்லை.

இறங்கும்போது அந்தக் கல்லறை கண்ணில் பட்டது. மரச்சிலுவையில் தெபெல்லோ என்ற பெயர். மேலே குவித்திருந்த கற்கள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன, தூங்கி எழுந்தவர் உதறித் தள்ளிய போர்வைபோல.

அன்று பொழுது சாயும் நேரம், வறட்டிப் புகையும் மண்ணெண்ணெய் நெடியும் வட்டக் குடிசைக்குள் கலந்து கண்ணைக் கரிக்க, காற்று கூரைப் புல்லை விரலால் கோதுவதுபோல் மெல்லக் கோதிக்கொண்டிருக்க, சுவருக்கு அப்பால் யாரோ அடக்கி அடக்கி இருமுவதை அவள் கேட்டாள். கதவைத் திறந்து பார்த்தாள். பனிதான் விழுந்துகொண்டிருந்தது. மறுநாளும் இருமல் கேட்டது. அதற்கு மறுநாள் வெளியே சத்தமில்லை. அவள் நெஞ்சுக்குள் இருந்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேராக மாதெபெல்லோவிடம் போனாள். "என்னை இங்கிரிட்னே கூப்பிடுங்கம்மா."

மாதெபெல்லோ களி கிண்டுவதை நிறுத்தவில்லை. "அந்தப் பேரைத்தான் குடுத்தாச்சே."

"யாருக்கு?"

"வெளிய குளிர்ல நின்னுக்கிட்டிருந்தா, பாவம். அவ பேரைத்தான் உனக்குக் குடுத்துட்டேன். வெறுங்கையோட எப்படி அனுப்புறது? பெத்த வயிறும்மா."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பாசம். அதுதான் இங்கிரிட்டைக் கதிகலங்க வைத்தது. கையில் அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு, இருமிக்கொண்டே, வேன் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். தன்னை இந்த ஊருக்கு ஏற்றி வந்த அதே டிரைவர் மோலெஃபி பானெட்டில் சாய்ந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. விமான நிலையத்துக்குப் போக வேண்டும், என்ன கேட்டாலும் தருகிறேன், நான்தான் அந்த அமெரிக்கக்காரி என்று கெஞ்சினாள்.

மோலெஃபி அவளை மேலும் கீழும் பார்த்தார். "விளையாடாத தெபெல்லோ. அந்த வெள்ளைக்காரப் பொண்ணை முந்தாநேத்தே நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி பூரா இருமிக்கிட்டே வந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ ஏன் எந்திரிச்சு வந்த?"

சட்டென்று ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.

குன்றேறினாள். நான்கு கால் பாய்ச்சல். விழுந்தாள். எழுந்தாள். நெஞ்சில் ஏதோ கனத்தது.

"ஹலோ, யாருங்க?"

"அம்மா, நான்தான்."

"இங்கிரிட்டோட சிநேகிதியா? குரல் ரொம்பக் கம்மியிருக்கேம்மா. அவ இன்னைக்குக் காலையிலதான் வந்து சேர்ந்தா, மாடியில தூங்குறா. பாவம், கையெல்லாம் ஐஸ் கட்டியா இருக்கு. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதம்மா. வீட்டை விட்டு வெளிய போ. தயவுசெஞ்சு போம்மா."

மாடிப்படி கிறீச்சிடும் சத்தம். ஒவ்வொரு படியாக. பிறகு போனுக்கு மிக அருகில் ஒரு குரல். இங்கிரிட்டின் குரல். அதில் துளி இருமல் இல்லை.

"யாரும்மா போன்ல?"

இணைப்பு அறுந்தது.

அவள் திரும்பினாள். கீழே, இடுகாட்டில், ஊர்ப் பெண்கள் கம்பளி போர்த்தி நின்றார்கள். குழாயடிப் பெண்ணும் இருந்தாள். எல்லோரும் தலையை மழித்திருந்தார்கள். இழவுக்கு மழிப்பதுபோல. கற்கள் முழுவதும் அகற்றப்பட்டிருந்தன. குழி திறந்திருந்தது. அதன் விளிம்பில் மாதெபெல்லோ, பழைய கம்பளியை விரித்துப் பிடித்தபடி.

"வாம்மா," என்றாள் கனிவாக. "இடம் காலியா கிடக்கக் கூடாது."

ஓடப் பார்த்தாள். கால்கள் கீழே இறங்கின. செருப்பு வழி தெரிந்து நடந்தது.

யாரும் குலவையிடவில்லை. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிடி மண்.

இங்கிரிட் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். கையை விரித்துப் பார்த்தாள். அதிலும் மண்.