கழுத்துக் கோடு

மூன்று வருடங்களுக்கு முன்பே காய்ந்துபோன சிவப்பு, காலிதீனின் பெருவிரலில் ஒட்டியது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தொப்பியைக் கையில் எடுத்தவன், போகிற போக்கில் அலுமாரியைத் திறந்து தன் படங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாமென்று நினைத்ததுதான். மருதமுனைத் தெருக்களில் கைத்தறிகள் ஓய்ந்திருந்தன. உள்ளறையில் நதீரா பிள்ளையை ஏணையில் ஆட்டியபடி தாலாட்டுவதும், ஏணைக் கயிறு கூரை வளையில் உரசுவதும், அவற்றுக்கப்பால் கடல் இரைவதும் மட்டுமே கேட்டன. கையிலிருந்த படத்தில் காபீல், தம்பி ஹாபீலின் மேல் கல்லை ஓங்கியபடி நின்றான். சிவப்பு, ஹாபீலின் கழுத்திலிருந்து வந்திருந்தது.

விரலை மோந்து பார்த்தான். மை மணக்கவில்லை. குர்பானுக்கு மாடறுத்த முற்றத்தில் வெயிலேறிய பின் எழும் நாற்றம் அடித்தது.

மட்டக்களப்பில் எட்வின் என்றொரு பறங்கி ஓவியர் இருந்தார். பைபிள் கதைகளைச் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, தாளில் அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே நிறம் தீட்டுவார். ஒரே தகட்டில் எடுத்த இரண்டு படங்கள்கூட ஒன்றுபோல் இராது. காலிதீன் அவருக்குக் கடிதம் எழுதி எழுதி, ஒவ்வொன்றாக ஐந்து படங்கள் சேர்த்திருந்தான். எழுபத்தெட்டுச் சூறாவளி எட்வினைக் கொண்டுபோனது. இனி ஆறாவது கிடையாது.

பிள்ளை பிறக்கும்வரை நதீரா பொறுத்துக்கொண்டாள். நாற்பது நாள் கழிந்த அன்று சொல்லிவிட்டாள்.

"உருவப்படம் கிடக்கிற வூட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. இது என்ட உம்மா எனக்குத் தந்த வூடு. ஒண்டில் அதுகள எடுங்க, இல்லாட்டி அதுகளயும் கட்டிக்கிட்டு நீங்க உங்கட உம்மாட வூட்ட போங்க. புள்ள என்னோட இருக்கும்."

அவளுடன் பிறந்த நானா அபூசாலிதான் வழி சொன்னார். நேற்றுப் பின்னேரம், தேத்தண்ணிக் கோப்பையை ஊதிக்கொண்டே.

"தலை இல்லாட்டி அது உருவமில்ல மச்சான். கழுத்துக்குக் குறுக்கால ஒரு கோடு இழுத்து உடுங்க. படமும் மிச்சம், பொண்டாட்டியும் மிச்சம்."

நேற்றிரவே, அடிமட்டம் வைத்து, சவரம் செய்யும் பிளேட்டால், மயிரளவு ஆழத்தில், ஒவ்வொரு கழுத்தாகக் காலிதீன் கோடு இழுத்தான். மகனுக்காக என்று நினைத்துக்கொண்டதால் ஒரு கோடும் கோணவில்லை.

இப்போது இரண்டாவது படத்தைப் புரட்டினான். வெள்ளத்தில் மூழ்குகிறவர்கள். ஒவ்வொரு கோடும் உதடுபோலப் பிரிந்து, உள்ளே தாளுக்குரிய வெண்மை இல்லாமல், இளஞ்சிவப்பாக, ஈரமாக, துடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவதில் மூஸா நபியைத் துரத்திய பிர்அவ்னின் படை. தலைகள் பின்னால் சரிந்திருந்தன. குதிரைகளின் தலைகளும். நான்காவதைத் தூக்கவே முடியவில்லை. கனத்தது. ஒழுகியது.

ஐந்தாவது படத்தில் ஓர் ஆறு, அதன் கரையில் நான்கு பெண்கள், கூடைக்குள் குழந்தை. மூஸா நபியின் கழுத்தில் பிளேட்டை வைக்கக் கை வராமல், அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டிருந்தான்.

நேற்றுவரை அந்தப் பெண்கள் ஆற்றைப் பார்த்து நின்றார்கள். இப்போது கூடையைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நால்வரும். ஒருத்தி, குழந்தையின் தாடையை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொருத்தியின் கையில் ஏதோ மின்னியது. மெல்லியது. நீள்சதுரமானது. எட்வின் அப்படி ஒன்றைக் கீறவேயில்லை.

சட்டைக் கழுத்து ஈரமாக இருந்தது.

வியர்வை என்று நினைத்தான். துடைத்தான். விரல் உள்ளே போனது.

வலி இல்லை.

உள்ளறையில் ஏணைக் கயிறு நின்றது. பாட்டு நிற்கவில்லை.

"நதீரா," என்று கூப்பிட்டான். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. காற்று, கொலருக்குள் சீறியது.

ஓடினான். திரைச்சீலை முகத்தில் அடித்தது. தட்டி விலக்கினான்.

நதீரா பாயில் இருந்தாள். மடியில் பிள்ளை. பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். மகன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வாய் மூடியிருந்தது. தாலாட்டு அதற்குக் கீழே, கழுத்திலிருந்து வந்தது. கோணல் இல்லாத, அடிமட்டம் வைத்து இழுத்த கோட்டிலிருந்து. அது திறந்தது. மூடியது. திறந்தது.

"இஞ்ச பாருங்க," என்றது அவள் குரல். உதடு அசையவில்லை. "இவன் ஒருத்தன்தான் முழுசாக் கிடக்கான். பிளேட்டத் தாங்க."

பிளேட் அவன் வலது கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

தரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

கழுத்து, "ஓம், தாறன்" என்றது.