முத்திரையில்லாத ஒற்றைக்குழல்

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது துப்பாக்கியின் மேல் மறுபடியும் பிசுக்கு ஏறியிருந்தது.

காலையில்தான் அவள் குழல், கட்டை, விசை, தோட்டாவைத் தட்டும் சுத்தி என்று ஓரிடம் விடாமல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுமுறை துடைத்து, வெள்ளைக் காகிதம் விரித்த மேசைமேல் கிடத்தியிருந்தாள். இப்போது அந்தக் காகிதத்தில் துப்பாக்கியைச் சுற்றி மஞ்சளாக ஒரு கறை ஊறிப் பரவியிருந்தது. காய்ச்சல்காரன் வியர்த்துக் கிடந்து எழுந்துபோன தலையணை உறை போல. விரலால் தொட்டு முகர்ந்தாள். துப்பாக்கி எண்ணெய் இல்லை, மெழுகும் இல்லை. பல நாள் குளிக்காதவரின் காதுமடலுக்குப் பின்னால் தேய்த்தெடுத்த அழுக்கின் வாடை. விரலைத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். எந்தப் பழைய துப்பாக்கியைக் கொடுத்தாலும், எந்தப் பட்டறை, எந்தக் காலம், இடக்கைக்காரன் அரம் பிடித்தானா வலக்கைக்காரன் பிடித்தானா என்பதுவரை சொல்லிவிடுவாள் என்று மற்ற பிரிவுக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த ஒற்றைக்குழலைக் கொண்டுவந்தவர் அக்காவின் கணவர். வாரிசில்லாமல் இறந்துபோன அவருடைய சித்தப்பாவின் வீட்டுப் பரணில் கிடந்ததாம். நடுவில் மடித்து, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, நிமிர்த்திச் சுடுகிற பழைய ரகம். பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் இல்லை.

“யார் செஞ்சதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. அது போதும்.”

“எதுக்கு அத்தான்? பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறுற ஆளு, வேட்டைக்கா போகப் போறீங்க?”

வழக்கமாக இதற்கெல்லாம் முதலில் சிரிப்பவர் அவர்தான். அன்று சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் பேண்ட் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த துப்பாக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல், “இதே மாதிரி இன்னும் வேணும்,” என்றார்.

அவர் வீடு போய்ச் சேருமுன்பே அக்கா போன் செய்துவிட்டாள். “வாய்க்கு வந்த பேரு ஒண்ணைச் சொல்லி அந்த மனுஷன் வாயை அடைச்சிருடி. துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும், திருப்பிக் குடுத்துத் தொலைச்சிடாதே. கட்டில்ல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டுக்கிட்டுத் தூங்குறாரு. அதுக்குப் போர்வை வேற. எனக்குப் பார்த்தாலே குமட்டுது.”

வாய்க்கு வந்த பெயர் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். தொழில் ரோஷம் விடவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஜன்னலின் பால்கண்ணாடி வழியாக மதிய வெயில் சாம்பல் நிறமாக வடிந்துகொண்டிருந்தது. பெயர் பொறிக்காத பட்டறைகள் எத்தனையோ உண்டு. மலிவுச் சரக்குக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. ஆனால் குழலை வெடித்துச் சோதித்த முத்திரையாவது அடியில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே வேலைக்காரன் தனக்காகப் போட்டுக்கொண்ட புள்ளியோ கோடோ இருக்கும். அதுவும் இல்லையென்றால் அரம் ஓடிய தடம். இரும்பை இரும்பால் தேய்க்காமல் துப்பாக்கி வராது.

முன்கட்டையைக் கழற்றினாள். ஆணி கழலவில்லை, பிடியை விட்டுக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும், பால்பல் விழுவதுபோல, மெல்லிய ஈரச் சத்தத்தோடு. லென்ஸைக் கண்ணில் பொருத்திக் குனிந்தாள். புள்ளி இல்லை. கோடு இல்லை. அரத்தின் தடமும் இல்லை. வார்ப்பின் தையலும் இல்லை. இரும்பின் மேல் மிக நுண்ணிய, சதுரம் சதுரமான சுருக்கங்கள் மட்டும், புறங்கையில் இருப்பது போல.

கதவு திறந்தது. பொருளறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“மேடம், எலி எங்கேயோ செத்துக் கிடக்குது. வராண்டா வரைக்கும் நாறுது.”

“இங்கே எலி எதுவும் இல்லைங்க.”

“எலி செத்தா நாறும். இது சாகாமலே நாறுற மாதிரில்ல இருக்கு!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தவர், மேசையைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். “இதையா காலையில துடைச்சீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

துப்பாக்கியை மடித்துக் குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். உள்ளே தோட்டா இல்லை என்பதை முதல் நாளே பார்த்தாயிற்று. துருவும் இல்லை. வாய் நிறைய எச்சில் ஊறியவனின் தொண்டைபோல, சிவந்து, வளையம் வளையமாக, வழவழவென்று மின்னியது. கீலின் இடுக்கில் ஒரு முடி மாட்டியிருந்தது. துணியின் நூலாக இருக்கும் என்று இடுக்கியால் பிடித்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கருத்த, எண்ணெய் வழியும் நீளமுடி, ஒரு முழத்துக்கு. கடைசியில் லேசாக அடம்பிடித்து, பிறகு பொளக்கென்று விட்டது. நுனியில் வெள்ளையாக வேர்.

இடுக்கியை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள். வாஷ்பேசினுக்கு ஓடி ஓங்கரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுக்குத் தெளிவாகத் தோன்றியது ஒன்றுதான். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் கட்டையின் அடித்தட்டை அவள் இன்னும் பார்க்கவில்லை. தோளில் பதியும் அந்தத் தகட்டில் பெயர் பொறிப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

தகடு கொம்பு போல, பழுப்பாக, நீளவாட்டில் வரியோடியிருந்தது. கட்டையை விட ஒரு நூல் அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மாட்டுக்கொம்பா, எருமைக்கொம்பா என்று பார்க்கச் சின்ன அரத்தால் ஓரத்தில் ஓர் இழை இழைத்தாள். பழகிய வாடை. நகம் வெட்டும்போது வருவது, கருகினால் வருவது. இன்னோர் இழை. பழுப்புக்கு அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது.

துப்பாக்கி சுருங்கியது.

மேசையில் அது ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்ததை அவள் பார்த்தாள். காகிதம் கசங்கியது.

அவள் அசையவில்லை. அரம் கையிலேயே இருந்தது. செய்தவனைத் தேடித் தேடிக் களைத்த மூளைக்குள் ஒரு விடை தானாக வந்து உட்கார்ந்தது. இதை யாரும் செய்யவில்லை.

வெளியே வராண்டாவில் செருப்புச் சத்தம். இரண்டு பேர்.

“திறம்மா, நான்தான்.” அத்தான்.

கதவைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள், அழுத முகத்தோடு. “எவ்வளவோ சொன்னேன், கேக்கல. நேரமாயிடுச்சு, நேரமாயிடுச்சுன்னு ஒத்தைக்கால்ல நின்னு இழுத்துட்டு வந்துட்டாரு.”

“அத்தான், அதைத் தொடாதீங்க. அது துப்பாக்கியே இல்ல.”

அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மேசையை நெருங்கினார். பையிலிருந்து கைகளை எடுத்தார்.

நகங்களே இல்லை. பத்து விரல்களின் நுனியும் ஊறிய பஞ்சுபோல வெளுத்து உப்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் சின்ன, வட்டமான துளை. அழுத்தமான, பொறுமையான ஒரு வாய் நெடுநாள் உறிஞ்சிய அடையாளம்.

அந்தக் கையால் கட்டையைத் தடவினார். தடவத் தடவ, அடித்தட்டு ஒரு பக்கமாக மெல்லப் பெயர்ந்தது. சதையிலிருந்து நகம் பெயர்வது போல. நூல் நூலாகச் சளி இழுபட்டது. வாடை முகத்தில் அறைந்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கட்டைக்குள் பொந்து.

பொந்துக்குள் ஈரம். அந்த ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. வெளிறிய, சுண்டுவிரல் நீளக் குழல்கள். எலும்பு ஏறாத இரும்பு. ஒவ்வொன்றுக்கும் அரிசியளவு விசை. மூடிய இமைபோல ஒரு சுத்தி. கண் திறக்காத எலிக்குஞ்சுகளைப் போல வெளிச்சம் பட்டதும் முனைகளைத் தூக்கின.

“பார்த்தியா,” என்றார் அத்தான். குரல் தழுதழுத்தது. “இன்னும் வேணும்னேன்ல?”

“அக்கா, வா. வெளியே வா. அதைப் பார்க்காதே.”

அவள் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா நகரவில்லை. அக்காவின் முகத்தில் அருவருப்பு இருந்தது. உதடு கோணியிருந்தது. பிறகு உதடு நேரானது. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. அருவருப்பு போய்விட்டது.

“ஐயோ,” என்றாள் அக்கா மெதுவாக. “எவ்வளவு சின்னதா இருக்குது.”

“அக்கா!”

“சும்மா இருடி. பயந்துக்கும்.”

தங்கையின் பிடியை விலக்கிக்கொண்டு போனாள். குனிந்தாள். பொந்துக்குள் கைவிட்டு, சளியோடு ஒன்றை அள்ளி எடுத்தாள். இடது உள்ளங்கையில் அது வழுக்கிக்கொண்டு படுத்தது. அக்கா வலது சுட்டுவிரலை அதனிடம் நீட்டினாள். சிவப்புச் சாயம் பூசிய, நல்ல, முழு நகம்.

குழலின் முனை இங்கும் அங்கும் தேடியது. நகத்தைக் கண்டுகொண்டது. கவ்வியது.

அரிசியளவு சுத்தி, சுகமாக, மெல்லப் பின்னால் சாய்ந்தது.