வலப்பக்கக் கீறல்

காலை 9.10. இராயபுரம் மீன் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாடியைத் திறந்த ஆய்வாளர் யசோதரா அலறிவிட்டாள். உள்ளே இருந்தது அவள் கிருஷ்ணா ஆற்றில் பிடித்த மீன் இல்லை. ரீட்டா என்னும் ஆற்றுக் கெளுத்திப் பேரினத்தில் புது இனம் ஒன்று உண்டு என்பதற்கு அந்த ஒற்றை மீன்தான் சாட்சி. மூன்று நாள் ஹைதராபாத் போய் வருவதற்குள் யாரோ சாதாரணக் கெளுத்தியைப் போட்டு வைத்திருந்தார்கள்.

10.00. இன்ஸ்பெக்டர் ஷரீஃபுன்னிசா வரும்போதே குற்றவாளியைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள்: சாடி கழுவும் ஜஹாங்கீர். கூடத்தின் சாவி அவரிடமும் தலைவர் அன்பரசனிடமும்தான் இருந்தது.

"கழுவும்போது சாடிய உடைச்சிருப்பான். பயத்துல மார்க்கெட் மீனைப் போட்டு மறைச்சுட்டான்," என்றார் அன்பரசன். ரீட்டாக்களை வகைப்படுத்திப் பெரிய புத்தகமே போட்டவர். "இன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கறேன்."

"நா தொடவே இல்ல மேடம். வேல போச்சுன்னா பொண்ணு படிப்பு இன்னா ஆவறது?" என்று கெஞ்சினார் ஜஹாங்கீர்.

அவசரத் தீர்ப்பென்றாலே ஷரீஃபுன்னிசாவுக்கு ஆகாது. மீனைத் தட்டில் போட்டுப் பார்த்தார். முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் உள்ள மூன்று முள்ளும் முழுசாக நின்றன. வயிற்றின் வலப்பக்கம் சின்னக் கீறல். பதப்படுத்தும் மருந்தில் சதை இன்னும் இறுகவில்லை; நேற்றுக் கீறிப் போட்டதுதான்.

11.20. ஆளனுப்பி முள்ளோடு இரண்டு கெளுத்தி வரவழைத்தார். "மருந்துல போட்டா உள்ள எறங்கணும்ல, அதுக்கு ஆளுக்கொன்னு கீறிக் காட்டுங்க."

ஜஹாங்கீர் காசிமேட்டு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். முதல் வேலையாக மூன்று முள்ளையும் படக்கென்று ஒடித்தார். குத்தினால் கை வீங்கிவிடும். பிறகு நடுவயிற்றில் ஒரே இழுப்பு. அன்பரசன் சலிப்போடு மீனைத் திருப்பி, வலப்பக்கம் சிறிதாகக் கீறி வைத்தார்.

"ஏன் வலப்பக்கம், யசோதரா?"

"படம், அளவு எல்லாம் இடப்பக்கம்தான் எடுப்போம் மேடம். அங்க கத்தி படக்கூடாது. அதனால..." சட்டென்று நிறுத்தி அன்பரசனைப் பார்த்தாள்.

"ஜஹாங்கீர் போட்ட மீனா இருந்தா முள் இருந்திருக்காது. சாடி மீனைக் கீறினது நீங்கதான் சார். பழி அவர்மேல, கைப்பழக்கம் உங்களது. உங்க ரூம் பீரோவைப் பார்க்கணும், சாவியைக் குடுங்க."

அன்பரசன் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "இருபது வருஷ வகைப்பாடு. அத்தனையும் தப்புன்னு ஒரே மீன் சொல்லிடும். ஆனா தூக்கி எறிய மனசு வரலை."

ஈரத்துணி சுற்றிய மீன் பீரோவில் இருந்தது. யசோதராவுக்கு அழுகை வந்துவிட்டது. "நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்ணா," என்றாள் ஜஹாங்கீரிடம்.

"அத்த வுடும்மா," என்றார் ஜஹாங்கீர். "மொதல்ல மீனைச் சாடில போடு. காஞ்சிடப் போவுது."