கிணற்றுக்கு ஏறிய குழாய்

லீனா கொண்டு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட இடம் விடவில்லை. அடியில் ஒரு சதுரக் கட்டம் வரைந்து, ‘இடது கட்டைவிரல் ரேகை’ என்று எழுதியிருந்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு இப்போ அசையறது அந்த ஒரு கைதான் மேடம்,” என்றாள் லீனா. “அதுகூடத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு டைப் அடிச்சிருக்காங்க.”

வனஜா காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். முப்பது வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் அல்சூர் பக்கம் யார் வீட்டுக் குழாயில் துர்நாற்றம் வந்தாலும், யாருக்கும் யாருக்கும் சாக்கடைச் சண்டை வந்தாலும், கடைசியில் ஜோகுபாளையத்து அந்த மாடி வீட்டுக்குத்தான் வந்து நிற்பார்கள். வந்தவர்களுக்கு முதலில் நாற்காலி போடுகிறவள் சங்கமித்ரா. வாடகைக் கார் ஓட்டுகிறவள். நாலு வருடம் முன்பு ஒரு சவாரிக்கு வந்தாள். வனஜா குப்பியில் சாக்கடைத் தண்ணீர் பிடித்து மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்து அசந்துபோனவள், அன்றிலிருந்து வேறு சவாரி இல்லாத நேரமெல்லாம் இங்கேதான்.

லீனாவின் கணவர் ஆம்ப்ரோஸ் பிளம்பர். லிங்கராஜபுரத்தில் வீடு. நந்தி மலைக்கு அப்பால், நாலாயிரம் அடிக்கு மேல், ஒரு மலை உச்சியில் சுதீர் என்கிறவர் கட்டி வாடகைக்கு விட்டிருந்த விருந்தினர் காட்டேஜுக்குக் கிணறு, மோட்டார், செப்டிக் டேங்க் எல்லாம் பன்னிரண்டு வருடமாக ஆம்ப்ரோஸ் பொறுப்பு. ஏப்ரல் இருபதாம் தேதி அங்கே தங்கின எட்டுப் பேரும் வாந்தி பேதியில் விழுந்தார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள். காட்டேஜின் காவல்காரர் முனிராஜின் மகள் அனுஷா பிழைக்கவில்லை. ஆறு வயது. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கும்போது வழியிலேயே போய்விட்டாள்.

“அது தெரிஞ்ச அன்னிக்கு இவர் சாப்பிடல. இருபத்தேழாம் தேதி காலையில பாத்ரூம்ல விழுந்தாரு. வலது பக்கம் முழுக்கப் போச்சு. பேச்சும் போச்சு,” என்றாள் லீனா. “போன சனிக்கிழமை சுதீர் சார் போலீஸை வச்சுத் தோண்டிக் காட்டினாராம். செப்டிக் டேங்க்ல இருந்து கிணத்துக்கு ஒரு பைப் போகுதாம். கடைசியா வேலை பாத்தது இவர்தானே. ஒத்துக்கிட்டு ரேகை வச்சா, கவனக்குறைவுன்னு சின்னதா முடிச்சிடலாம், இல்லேன்னா படுத்த படுக்கையா இருந்தாலும் விட மாட்டாங்கன்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வருவாரு.”

“ஆம்ப்ரோஸ் என்ன சொல்றாரு?” என்று அவசரமாகக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சங்கமித்ரா.

லீனா கோபப்படவில்லை. “பைப்புன்னு சொன்னாலே கண்ணுல தண்ணி வருது. ஆமாங்குறாரா, இல்லைங்குறாரா, எனக்கே புரியல,” என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். ஆம்ப்ரோஸ் போகிற இடமெல்லாம் சட்டைப் பையில் வைத்திருந்தது. ஏப்ரல் பத்தாம் தேதியில் நாலே வரி: ‘கெணத்துல தண்ணி ரெண்டடி. குளோரின் போட்டாச்சு. டேங்க் மூடி சரி. மழை வர்ற வரைக்கும் தங்க ஆள் விடாதீங்கன்னு சொன்னேன்.’

வனஜா நோட்டையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முறை படித்தார். காகிதத்தில் ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடு கிழித்தார். ‘பத்தடி நீர் நிறைந்திருந்த கிணற்றில் கழிவுநீர் கலந்து...’ என்றிருந்தது அது.

“நாளைக்கு வண்டி எடு மித்ரா,” என்றார்.

பெங்களூர் முழுக்க மனிதர்கள் டேங்கருக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற கோடை அது. ஏப்ரல் மாதம் ஒரு சொட்டு விழவில்லை. மே மாதம்தான் மழை எட்டிப் பார்த்தது. மலைப்பாதையில் பாதி தூரம் மண் சாலை. சங்கமித்ராவின் கார் இரண்டு இடத்தில் முனகி முனகித்தான் ஏறியது.

காட்டேஜ் பூட்டிக் கிடந்தது. பின்னால் தகரக் கொட்டகையிலிருந்து முனிராஜ் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லையோரத்து அத்திபெலேக்காரர், தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுபோல வரும்.

“அந்த ஆளுக்காக வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். “நல்லாப் பாருங்க. பாத்தா உங்களுக்கே தெரியும். பன்னெண்டு வருஷம் என் கையால காபி குடிச்சவன். எம் பொண்ணைக் கொன்னுட்டு இப்போ வாய் வராதுன்னு படுத்துக்கிட்டான்.”

“தோண்டும்போது நீங்க கூட இருந்தீங்களா முனிராஜ்?” வனஜாவின் குரல் எப்போதும்போல் தணிந்திருந்தது.

“கூட இருந்தேன். ஆனா அதுக்கு முந்தின நாள்தான் வந்தேன். பாப்பா காரியத்துக்கு ஊருக்குப் போய், மூணு வாரம் அங்கேயே கிடந்தோம். வீட்டுக்காரி இன்னும் வரல. வர மாட்டேங்குறா.”

கிணறு உச்சியில் இருந்தது. காட்டேஜைத் தாண்டி, சரிவில் நாற்பது அடி கீழே செப்டிக் டேங்க். இடையில் தோண்டிய பள்ளத்தில் சாம்பல் நிறக் குழாய் கிடந்தது. வனஜா குடிதண்ணீர் பாட்டிலைப் பாதி காலி செய்து, மூடி, குழாயின் மேல் படுக்க வைத்தார். பாட்டிலுக்குள்ளிருந்த காற்றுக் குமிழ் மேடான கிணற்றுப் பக்கமாக ஓடி நின்றது. பத்தடி தள்ளி மறுபடி வைத்தார். மறுபடியும் கிணற்றுப் பக்கம்.

“மித்ரா, குழாயோட அடிப்பக்கம் ஏதாவது எழுதியிருக்கா பாரு.”

சங்கமித்ரா ஈரமண்ணில் மல்லாந்து படுத்து, போனைக் குழாயின் அடியில் நீட்டிப் படம் பிடித்தாள். “ஏதோ நம்பர்தான் மேடம். 110 எம்எம்னு இருக்கு. கம்பெனி பேர் அழிஞ்சிருக்கு. அப்புறம் ‘பி’ன்னு ஒரு எழுத்து. 060524.”

“சரி,” என்ற வனஜா, முனிராஜிடம் கேட்டு வாங்கிய ரம்பத்தால் அந்த எழுத்திருந்த துண்டை ஒரு சாண் அளவுக்கு அறுத்து எடுத்தார். பிறகு கிணற்றடிக்குப் போனார். சங்கமித்ரா படியில் இறங்கினாள். சுற்றுக் கல்லில், அடிமட்டத்திலிருந்து பத்தடி உயரத்தில், காய்ந்து கறுத்த வேர்க்கொத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதிப் புடைத்த தண்டு ஒன்றும் கூடவே இருந்தது.

“வெங்காயத்தாமரை!” என்று கத்தினாள். பெங்களூரில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சாக்கடை விழுகிற ஏரிகளையெல்லாம் பச்சைப் பாயாக மூடிக்கொண்டு கிடப்பது. “இது எப்படி மேடம் மலை மேல?”

வனஜா திரும்பி முனிராஜைப் பார்த்தார். “ஏப்ரல்ல கிணத்துல எவ்வளவு தண்ணி இருந்தது?”

“எங்க இருந்தது? வாளி விட்டா பாறையில இடிக்கும். கெஸ்ட் வராங்கன்னு ஓனர்தான் டவுன்ல இருந்து ஃபில்டர் தண்ணி அனுப்பினாரு. டிராக்டர் டேங்கர்ல. ரெண்டு நாள், அஞ்சாறு நடை. நான்தான் ஓஸைப் பிடிச்சு உள்ளே விட்டேன்.” சொல்லிவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். “நல்ல தண்ணிங்க அது. காசு குடுத்து வாங்கினது. அதுல போய் பைப்பை வச்சுக் கெடுத்துட்டானே பாவி.”

“நீங்களும் அதைத்தான் குடிச்சீங்களா?”

“நாங்க பெரியவங்க ரெண்டு பேரும் அடிவாரத்துக் குழாய்ல இருந்து குடத்துல கொண்டாந்து குடிப்போம். பாப்பாவுக்கு மட்டும் ஃபில்டர் தண்ணி.”

இறங்கும்போது சங்கமித்ராவால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கில் தாளம் போட்டாள். “முடிஞ்சது மேடம்! சாக்கடை மேல ஏறுமா? இத்தனை வருஷப் பிளம்பர் மேடு நோக்கிப் பைப் போடுவாரா? லீனா அக்காகிட்ட இப்பவே சொல்லிடலாம்.”

“அடிவாரத்துல டிராக்டர் நிக்கிற இடத்துல நிறுத்து,” என்றார் வனஜா. டிராக்டர்காரரிடம் பேசிவிட்டு வண்டிக்குத் திரும்பியதும், தனக்குத்தானே பேசுவதுபோல், “அந்த ஆளுக்குத் தெரியாம இதை யாருக்காவது சொல்ல முடியுமான்னு பாக்குறேன் மித்ரா. வழி தெரியல,” என்றார். எந்த ஆள் என்று சங்கமித்ராவுக்கு அப்போது பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சுதீர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் மை வைத்த டப்பி. சாட்சிக்கு முனிராஜைக் கூட்டி வந்திருந்தார். லிங்கராஜபுரத்து வீட்டின் முன்னறையிலேயே ஆம்ப்ரோஸின் கட்டில் இருந்தது. முனிராஜ் உள்ளே வரவில்லை. கதவருகே சுவரோடு நின்றுகொண்டு, கட்டிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். ஆம்ப்ரோஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரமாக்க வேணாம்மா,” என்றார் சுதீர் லீனாவிடம். “ஒரு ரேகைதான். எல்லாருக்கும் நல்லது.”

“ஒரு பத்து நிமிஷம் குடுங்க,” என்றார் வனஜா. “முனிராஜ், நீங்க வெளியே உக்காந்திருக்கீங்களா?”

“எதுக்கு? எம் பொண்ணு விஷயம். எனக்கு முன்னாடியே பேசுங்க.”

வனஜா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அறுத்தெடுத்த குழாய்த் துண்டை மேஜைமேல் வைத்தார்.

“சார், இந்தக் குழாயை ஏப்ரல் பத்தாம் தேதி ஆம்ப்ரோஸ் பதிச்சார்னு சொல்றீங்க. குழாய் டேங்க்ல இருந்து கிணத்துக்கு மேடு ஏறுது. மோட்டார் வச்சுத் தள்ளினாத்தான் கழிவு அந்தப் பக்கம் போகும். அங்க மோட்டார் இல்ல.”

“அதான் தப்பா வச்சுட்டான்னு...”

“இருங்க. ஒவ்வொரு குழாய்லயும் செஞ்ச தேதியை அச்சடிச்சு அனுப்புவாங்க. இதுல 060524. இந்த வருஷம் மே மாசம் ஆறாம் தேதி. ஆம்ப்ரோஸ் விழுந்தது ஏப்ரல் இருபத்தேழு. இந்தக் குழாய் பிறக்கும்போது அவர் கை செத்துப்போய் ஒன்பது நாள் ஆச்சு. அப்போ மலை மேல முனிராஜும் இல்ல. ஆள் இல்லாத நேரம் பாத்து, விஷயம் தெரியாத யாரையோ வச்சு நீங்க பதிக்கச் சொல்லியிருக்கீங்க.”

லீனா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

“அப்போ தண்ணி எப்படிக் கெட்டுச்சு?” இதைக் கேட்டது முனிராஜ். சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார்.

அந்த நொடியில்தான் சங்கமித்ராவுக்கு, வனஜா அன்று சொன்ன ‘அந்த ஆள்’ முனிராஜ்தான் என்று விளங்கியது.  மேடம் இத்தோடு நிறுத்திவிட்டால் என்ன என்று நினைத்தாள். ஆனால் நிறுத்தினால், குழாய் பொய் என்பதோடு கதை தொங்கும். சுதீர் வேறொரு கதை சொல்வார். அதற்கும் வாயில்லாத ஆம்ப்ரோஸ்தான் அகப்படுவார்.

“ஆம்ப்ரோஸ் பாத்தப்போ தண்ணி ரெண்டடி,” என்றார் வனஜா. “நீங்க அடிச்சுட்டு வந்த காகிதத்துல பத்தடி. நடுவுல மழை இல்ல. எட்டடித் தண்ணி டிராக்டர்ல வந்தது. ஃபில்டர் தண்ணிக்காரங்க லாரி அந்த ரோட்டுல ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால அடிவாரத்து ஏரியில மொண்டு ஊத்தச் சொல்லியிருக்கீங்க. குளிக்கத்தானேன்னு சொன்னீங்களாம். டிராக்டர்காரர் சொன்னதைப் பதிவு பண்ணி, ஃபோட்டோவோட இன்ஸ்பெக்டருக்கு அனுப்பியாச்சு. ஏரியில கிடக்கிற வெங்காயத்தாமரை வேர் இன்னும் கிணத்துச் சுவர்ல ஒட்டிக்கிட்டிருக்கு.”

சுதீர் மை டப்பியை மூடினார். “என் வக்கீல் பேசுவார்,” என்று மட்டும் சொன்னார். முனிராஜைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். முனிராஜ் விலகி வழிவிட்டார். சங்கமித்ராவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஓர் அறை விடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். கார் கிளம்பிப் போகிற சத்தம் அடங்கியது.

முனிராஜ் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “ஓஸை நான்தானே பிடிச்சேன்,” என்றார்.

 ஆம்ப்ரோஸ் இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினார்.  முனிராஜ் வந்து அதைப் பிடித்துக்கொள்வார் என்று லீனா நினைத்திருப்பாள். அவர் பிடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு நடந்தது அதிகமில்லை. வழக்கிலிருந்து ஆம்ப்ரோஸின் பெயரை எடுத்தார்கள். சுதீர் ஒரு வாரத்தில் ஜாமீனில் வந்தார். ஆம்ப்ரோஸுக்குப் பேச்சு திரும்பவேயில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ராவின் வேலை அத்தோடு முடியவில்லை. தெருமுனையில் முனிராஜ் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பதைப் பார்த்து, காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டாள். அத்திபெலேக்கு, மனைவி இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

கார் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியது. முனிராஜ், “அக்கா, கொதிக்க வச்சுக் குடுத்திருந்தா பாப்பா இருந்திருக்குமா?” என்றார்.

“ஊத்தச் சொன்னவன் பண்ண பாவம் அண்ணா. உங்களது இல்ல.”

“நான் அதைக் கேக்கல.”

சங்கமித்ரா பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

“எங்க வீட்டுக்காரி அன்னிக்கே சொன்னா,” என்றார் முனிராஜ். “புதுத் தண்ணி, காய்ச்சிடலாம்னு. காசு குடுத்து வாங்கின தண்ணியைக் காய்ச்சுவாங்களான்னு நான்தான் சிரிச்சேன்.”

அத்திபெலேயில் சந்துக்குள் திரும்பியதும் கையைக் காட்டினார். நீல வாசல். நடையில் ஒரு பெண் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். சங்கமித்ரா பிரேக்கை மிதித்தாள். முனிராஜ் கதவின் கைப்பிடியில் கை வைத்தவர், அப்படியே இருந்தார்.

“அக்கா, ஒரு சுத்து போயிட்டு வரலாமா?”

அவள் காரை எடுத்தாள். டோல்கேட் வரை போய், திரும்பி, மறுபடி சந்துக்குள் வந்தாள். அந்தப் பெண் எழுந்து வாசலுக்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னும் ஒரு தடவை,” என்றார்.

சங்கமித்ரா கியரை மாற்றினாள்.