கால்மிதியில் நின்றவர்

மணி அடித்தது.

அப்பா உதட்டில் விரல் வைத்தார். அம்மா அடுப்பை அணைத்தாள். தம்பி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா பென்சிலும் கையுமாக அப்படியே நின்றாள்.

அந்த வீட்டில் மணி அடித்தால் இப்படித்தான். பழைய ஊரில் ஒருநாள் சிலர் கதவை உடைத்து வந்து சித்தப்பாவை இழுத்துப் போனார்கள். அதன்பிறகுதான் இவர்கள் இந்த நாட்டுக்கு ஓடி வந்து அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் துணிப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அது வாசலருகே கிடந்தது. தம்பி அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ போடுவான்.

மறுபடியும் மணி. கட்டிலுக்கு அடியிலிருந்து விக்கல் சத்தம் வந்தது.

"வாயை மூடுடா," என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"மூடிட்டேம்மா. விக்கல்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூனைபோல நடந்துபோய்க் கதவுத் துளை வழியே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு அம்மா நிக்கிறாங்க. மழையில நனைஞ்சிருக்காங்க. கால்மிதியில கால் தொடைக்கிறாங்க."

"சத்தம் போடாம வா கண்ணு."

"அன்னிக்கு கதவை உடைச்சவங்க கால் தொடைச்சாங்களாப்பா?"

அப்பாவின் விரல் உதட்டிலிருந்து மெல்ல இறங்கியது.

"திற," என்றார்.

"குடியேற்ற அலுவலகத்துலேர்ந்து வரேன்," என்றார் வந்தவர். "நீங்க இங்கதான் குடியிருக்கீங்களான்னு பாக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை வந்தேன். இன்னிக்கும் திறக்கலைன்னா, ஆளே இல்லைன்னு விண்ணப்பத்தை மூடியிருப்பாங்க."

அம்மா அவசரமாக அவரை உள்ளே கூப்பிட்டுத் துண்டை நீட்டினாள். அதிகாரி பெட்டியைப் பார்த்தார்.

"எங்கயாவது கிளம்புறீங்களா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா. "போகச் சொல்லிடுவீங்களோன்னு வச்சிருக்கோம்."

கட்டிலுக்கு அடியில் மறுபடியும் விக்கல். அதிகாரி குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"சரி, இவரையும் சேத்து நாலு பேர். முடிவு எடுக்கறது நான் இல்லை. ஆனா இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்துடறேன்."

அப்புறம் நாட்கள் நகரவே மறுத்தன. மணி அடித்தால் அப்பாவின் விரல் பழக்கத்தில் மேலே கிளம்பும். பாதியிலேயே நின்றுவிடும். அவரே போய்த் திறப்பார்.

அப்படி ஒருநாள் திறந்தபோது தபால்காரர் நின்றார். அப்பா கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இருக்கலாமாம்," என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அன்றே அம்மா துணிகளை அலமாரியில் அடுக்கினாள். காலிப் பெட்டி பரணுக்குப் போனது.

மறுநாள் காலை தம்பி ஒற்றை ஷூவோடு வாசலில் திருதிருவென்று விழித்தான்.

"அக்கா, இனிமே எதுமேல உக்காந்து ஷூ போடறது?"

"எங்க வேணும்னாலும் உக்காரு. நம்ம வீடுதானே."