டேமில் மிதந்தவனின் வாட்ச்

போன் அலறியது.

இனிகோ எடுத்தார்.

"இனிகோ சாரா? போன வாரம் ஒரு பழைய வாட்ச் வாங்குனீங்கள்ல? நீல டயல்?"

"ஆமா... யாரு பேசுறது?"

"அத இப்ப கையில கட்டிருக்கீங்களா?"

"கட்டிருக்கேன்..."

"கழட்டுங்க! அதக் கட்டியிருந்த ஆளு ஆத்தூர் டேம்ல பொணமா மிதந்துட்டான்!"

இனிகோ துள்ளி எழுந்தார்.

"சா... சார்... நீங்க..."

"மோகன்குமார். க்ரைம் இன்ஸ்பெக்டர். கொன்னவன் வாட்ச்சக் கழட்டிக்கிட்டு ஓடிட்டான். அது இப்ப உங்க கையில இருக்கு. நாங்க என்ன நினைக்கிறது?"

"நான் காசு குடுத்து வாங்குனது சார்!"

"பில் இருக்கா?"

இல்லை!

பழைய வாட்ச்சுக்கு எந்த வியாபாரி பில் கொடுத்தான்? "நம்பிக்கைதான் சார் பில்லு" என்று அதை விற்ற ரொனால்டு சொன்னபோது இனிகோ தலையை வேறு ஆட்டியிருந்தார்.

"நாளைக்குக் காலையில கொடைரோடு ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு வாட்ச்சோட வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயாவது வாயத் தொறந்தீங்க... மொதக் குற்றவாளி நீங்கதான்!"

லைன் செத்தது.

இனிகோ திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். நரை விழுந்த பிறகு வாட்ச் கிறுக்குப் பிடித்த மனிதர். ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். கண்ணில் இடுக்குகிற லென்ஸ் ஒன்று வாங்கினார். அத்தோடு நிபுணராகிவிட்டதாக நம்பினார். பாவம்!

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் பழைய வாட்ச் விற்பவன் ரொனால்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் நிற்பவன்.

"சுவிஸ் வாட்ச் சார். அம்பது வருசமா டயல்ல யாரும் கை வைக்கல. புதுப் பெயிண்ட் கிடையாது. உங்க கண்ணுக்குத் தெரியாததா?"

உங்க கண்ணுக்குத் தெரியாததா... அங்கேதான் இனிகோ விழுந்தார். கொடுத்தது நாற்பதாயிரம். வீட்டுக்கு டைல்ஸ் போட வைத்திருந்த பணம்!

மனைவி சகாயசெல்வியிடம் சொன்ன விலை... எண்ணூறு!

இனிகோ அன்றைய பேப்பரைப் புரட்டினார். ஓரத்தில் ஒரு செய்தி இருந்தது. ஆத்தூர் டேமில் அடையாளம் தெரியாத ஆண் பிணம்.

உண்மைதான்!

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு ரொனால்டிடம் ஓடினார். அவன் முகமெல்லாம் வேர்த்துக் கிடந்தது.

"ஏன் சார் இங்க வந்தீங்க? எனக்கும் அந்த இன்ஸ்பெக்டர் போன் போட்டாரு! எனக்கு வித்தவன் எங்க ஓடுனான்னே தெரியல. வாட்ச்சக் குடுத்துருங்க சார். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு..."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். ஆறுதல் தேடிப் போன இனிகோ, அவனுக்கு ஆறுதல் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்!

வீட்டில் வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். சகாயசெல்வி பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள்.

"ஏங்க, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"எ... எதை?"

"நேத்து இத வீட்டுலயே வச்சிட்டு ஸ்கூலுக்குப் போனீங்கள்ல? நான் குக்கர் வாங்கப் போனேன். மூக்கையா அண்ணன் கடையில குக்கருக்குப் பேரு வெட்டுனாரு. அப்படியே இதுலயும் வெட்டச் சொல்லிட்டேன்!"

இனிகோ வாட்ச்சைத் திருப்பினார்.

அந்த வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. கேரியரைப் பஸ்ஸிலும் டம்ளரை ஸ்டாஃப் ரூமிலும் விட்டுவிட்டு வருகிற புருஷனைக் கட்டிக்கொண்டவள் வேறு என்ன செய்வாள்? பெயர் இருந்ததால்தான் கேரியர் இரண்டு தடவை வீடு திரும்பியது.

"வெளிய வெட்டுனா அசிங்கமா இருக்கும்ல? அதான் கத்தியால பின்மூடியத் தொறந்து உள்பக்கம் வெட்டுனாரு. ஏ. இனிகோ, திண்டுக்கல்! கீழ என் செல் நம்பரு. நீங்கதான் போனையும் சேத்துத் தொலைப்பீங்களே!"

"ஐயோ!"

"எண்ணூறு ரூவா வாட்ச்சுக்கு எதுக்கு இம்புட்டு அலறல்?"

அவர் என்ன சொல்ல முடியும்? விலையைச் சொன்னால் வீட்டில் கொலை விழும். கொலையைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் உள்ளே வைப்பார்.

செத்தவனின் வாட்ச்! அதற்குள் இவர் பெயர்! விலாசத்தோடு!

சகாயசெல்வி சமையலறைக்குப் போனதும் இனிகோ கத்தியை எடுத்தார். மூடியின் விளிம்பில் வைத்து நெம்பினார். கத்தி வழுக்கிக் கட்டை விரலைக் கிழித்தது. மூடி அசையவில்லை. இன்னொரு தடவை நெம்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள். கொடைரோடு ஸ்டேஷன் வாசல்.

ஒட்ட வெட்டிய முடி. முறுக்கிய மீசை. காரிலிருந்து இறங்கிய மோகன்குமார் வாட்ச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

இனிகோவின் உயிர் பின்மூடிக்குள் துடித்தது. திறப்பாரோ? திறந்துவிடுவாரோ?

திறக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போங்க சார். தேவப்பட்டா கூப்பிடுவோம்."

பத்துப் பைசா கேட்கவில்லை. இவ்வளவு நல்ல போலீஸா என்று இனிகோவுக்குக் கண் கலங்கியது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை!

ஆனால் அந்தத் 'தேவப்பட்டா' அவரை அரிக்க ஆரம்பித்தது. எந்த நிமிஷம் மூடியைத் திறப்பார்கள்? எந்த நிமிஷம் ஜீப் வரும்? ஆட்டோ டிரைவரின் காக்கிச் சட்டையைப் பார்த்தாலும் சந்துக்குள் ஒதுங்கினார். வகுப்பில் கூட்டல் தப்பாக வந்தது.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். அவர் சுரூபத்தின் முன்னால் முழங்கால் போட்டார் இனிகோ.

"சாமி... எதத் தொலைச்சாலும் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. இத மட்டும் யாரு கண்ணுலயும் காட்டிறாதீங்க!"

அந்தோணியார் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இனிகோ சாப்பிட உட்கார்ந்திருந்தார். சகாயசெல்வியின் போன் அடித்தது. கையில் கரண்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க... இது இனிகோங்கறவரு வீடுங்களா?"

ஒரு பெண் குரல். அழுகை கலந்திருந்தது.

"ஆமா. நான் அவரு வீட்டுக்காரிதான்."

"அக்கா... மன்னிச்சுப் போடுங்க. உங்க வீட்டுக்காரரு எறந்ததுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க!"

சகாயசெல்வி திரும்பிப் பார்த்தாள்.

"யாரும்மா செத்தது?"

"உங்க வீட்டுக்காரருதானுங்க. டேம்ல பொணமா மிதந்தாருன்னு..."

"அவரா? இங்க சோத்துல கைய வச்சுக்கிட்டு ரெண்டாந்தடவை வெஞ்சனம் கேக்குறாரு!"

மறுமுனையில் அழுகை நின்றது. பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

அவள் பெயர் கௌசல்யா. ஒட்டன்சத்திரம். அவளும் இப்போதுதான் பழைய வாட்ச் வாங்க ஆரம்பித்தவள். விற்றவன் ரொனால்டு! காலையில் மோகன்குமார் என்று ஒரு இன்ஸ்பெக்டர் போன் செய்திருக்கிறார். இந்த வாட்ச்சைக் கட்டியிருந்தவன் டேமில் மிதந்தான், நாளைக்குக் கொடைரோட்டுக்குக் கொண்டு வா...

"பயந்து போயி வாட்ச் ரிப்பேர் கடையில குடுத்து மூடியத் தொறந்து பாத்தனுங்க. உள்ள பேரும் நம்பரும் இருந்துது. செத்தவரு இவருதான்னு நெனச்சுப்போட்டேனுங்க!"

இனிகோவின் கையிலிருந்து சோறு நழுவியது.

கொலை இல்லை! பேப்பரில் வந்த ஏதோ ஒரு அநாதைப் பிணம். மற்றதெல்லாம் கதை! விற்பது ஒருவன், பயமுறுத்திப் பிடுங்குவது இன்னொருவன். ஒரே வாட்ச் எத்தனை பேர் கைக்குப் போய் வந்ததோ? தன் சரக்கு தனக்குத் தெரியாதா என்று ரொனால்டு மூடியைத் திறந்தே பார்க்கவில்லை.

இனிகோ மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். விலை உட்பட.

"நாப்பதாயிரமா!"

அந்த அலறலுக்கு ஆத்தூர் டேமே தேவலை என்று தோன்றியது அவருக்கு.

மறுநாள். அதே கொடைரோடு. அதே கார்.

கௌசல்யா வாட்ச்சை நீட்டினாள். மோகன்குமார் வாங்கினான். தூணுக்குப் பின்னாலிருந்து இனிகோ வெளியே வந்தார். பயம்தான். ஆனாலும் வந்தார்.

அவன் முகம் வெளிறியது.

"நீ... நீ எப்படி இங்க..."

"டேம்ல மிதந்த பொணம் சார். கட்டியிருந்த வாட்ச்ச வாங்கிட்டுப் போக வந்தேன்."

அவன் ஓடத் திரும்பினான். சுடிதாரில் நின்றிருந்த ஷரீஃபா குறுக்கே வந்தார். நிஜ இன்ஸ்பெக்டர்! நேற்றே சகாயசெல்வி புருஷனை இழுத்துக்கொண்டு போய் அவரிடம்தான் புகார் கொடுத்திருந்தாள்.

"ஓடாத. ரொனால்டு ஏற்கெனவே ஜீப்புல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கான்."

விலங்கு மாட்டியது. வாட்ச்சை ஷரீஃபா ஒரு கவருக்குள் போட்டு ஒட்டினார்.

"மேடம்... அது என் வாட்ச்..."

"சாட்சிப் பொருள் சார். இனிமே கோர்ட்டுலதான் இருக்கும். கேஸ் முடிஞ்சதும் வாங்கிக்கங்க."

"கேஸ் எப்ப மேடம் முடியும்?"

ஷரீஃபா சிரித்தபடி ஜீப்பில் ஏறினார். இனிகோ வெறும் மணிக்கட்டைத் தடவியபடி நின்றார்.

கூடவே வந்திருந்த சகாயசெல்வி அவர் தோளைத் தட்டினாள்.

"விடுங்க. நீங்க கட்டாட்டியும் உங்க பேரனாவது கட்டுவான். அதான் பேரு வெட்டியிருக்கே!"