வால் விடாத துணி

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், பழங்காலக் கார் சங்கத் தலைவரின் அன்பர்களால் ‘மகாராணி’ என்று அழைக்கப்பட்ட சொகுசுக் கார், மலைப்பாதை வளைவொன்றில் எஞ்சின் இறுகிக் காலமானது. சங்கக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. தலைவர் கறுப்புக் கோட்டில் வந்து பானெட்டின் மேல் மலர்வளையம் வைத்தார். என்ன கோளாறு என்று பார்க்க இறங்கிய டிரைவரை லாரி ஒன்று அடித்துவிட்டுப் போனதும் அறிவிப்பில் இருந்தது, கடைசி வரியில். வண்டிக்குக் கீறல்கூட இல்லை என்பது அதற்கு முந்தைய வரி.

டிரைவர், சங்க மெக்கானிக்கின் தங்கை கணவன். காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு மெக்கானிக்கிடமே வந்தது. அந்த எஞ்சினைக் கடைசியாகப் பிரித்துச் சேர்த்தவன் அவன்தான்.

“ஆயில் பாக்காம எடுத்திருப்பான். வேற என்ன?” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் விசாரணைக்குச் சாவி கொடுத்தார் தலைவர்.

மதியம் தன் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, வாடிய பூவும் கருகிய ஆயிலும் கலந்த வாடையில், மல்லாந்தபடி வண்டிக்கடியில் நுழைந்து, ஆயில் தொட்டியைக் கழற்றி இறக்கியவன், டார்ச்சைத் தூக்கிப் பார்த்தான். எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு துணி தொங்கியது.

பிரிக்கும்போது தூசி விழாமலிருக்க ஆயில் துளையில் துணி அடைப்பார்கள். அடைத்தால் வால் விடவேண்டும். ஒரு சாண் வெளியே தொங்கினால் மறக்காது; மறந்து மூடினால் ஆயில் ஏறாமல் எஞ்சின் இறுகிவிடும். ஷெட்டுக்கு வேலை பழக வருகிறவர்களுக்கெல்லாம் இதை ஓதுகிறவன் அவன். ஆனால் அன்று தலைவர் புகைப்படக்காரரோடு வந்து, மகாராணியின் உள்ளுறுப்புகளுக்கு நடுவே அழுக்குத் துணி தொங்குவது மரியாதையில்லை என்றார். வாலையும் உள்ளே தள்ளினான். படம் நன்றாக வந்தது. துணியின் ஞாபகம் மச்சானைக் குழிக்குள் இறக்கும்போதுதான் வந்தது.

எடுத்துப் பைக்குள் போட்டால் யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் ஷட்டரை இறக்கியிருந்தான்.

ஆனால் அவன் வால் விடவில்லையே, இது எப்படித் தொங்குகிறது?

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின்மேல் வைத்தான். தங்கை.

“அண்ணே, பாத்தியா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்மா.”

“இவரு ஆயில் பாக்கலைன்னு அந்த ஆளு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. என்னை மறப்பாரு, வீட்டுச் சாவியை மறப்பாரு, வண்டி ஆயிலை மறப்பாரா? புள்ள கேக்குது, அப்பா தப்பாம்மான்னு. நீ பாத்துச் சொல்லு, நம்புறேன்.”

துணியைப் பிடித்து இழுத்தான். வந்தது. கைக்குட்டை அளவுதான் அடைத்திருந்தான். அது முழம் முழமாக வந்தது. ஈரமாக, இளஞ்சூடாக, அவன் கழுத்தோரம் சுருண்டு குவிந்தது. எஞ்சின் ஆறி எத்தனையோ நாளாயிற்று. பிறகு நிறம் மாறியது. சாம்பல் நிறம். ஒரு தையல். ஒரு பட்டன்.

சட்டைக் கை. மச்சானின் டிரைவர் சீருடை.

“அண்ணே? இருக்கியா?”

“இரும்மா.”

மீதி உள்ளே எங்கோ மாட்டியிருந்தது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். வழவழப்பான தண்டு, எஞ்சினின் சுழல்தண்டு. அதன் பின்னால் சூடான ஏதோ. விரல்கள்.

அவன் கையைப் பிடித்தன. இறுக்கமாக அல்ல. வேலை முடிந்ததும் வண்டிக்கடியிலிருந்து அவனை இழுத்துவிட மச்சான் கை கொடுப்பானே, அந்தப் பிடி. அவ்வளவு பிரியமாக.

“சொல்லுண்ணே. அவரு தப்பா?”

வாயைத் திறந்தான். ‘துணி’ என்றால் போதும். ஒரு சொல். அந்த விரல்களும் காத்திருந்தன.

“ஆயில் பாக்கலம்மா. மச்சான் தப்புதான்.”

“சரிண்ணே,” என்றாள். வைத்துவிட்டாள்.

பிடி இறுகியது.

இழுத்தான். வரவில்லை. மேலே ஏதோ அசைந்தது. பேட்டரி ஷெட்டின் மூலையில் கழற்றி வைத்தபடி கிடந்தது. இறுகிப்போன தண்டு, சம்மட்டிக்கும் மசியாத தண்டு, திரும்பியது. ஒரு அங்குலம். மணிக்கட்டு சிக்கியது. இன்னும் கொஞ்சம். முழங்கை. கத்தினான். ஷட்டர் இறக்கியிருந்தது. தண்டு நிற்கவில்லை, வேகமும் எடுக்கவில்லை. வெண்ணெயில் சுழல்வதுபோல், முக்காமல், முனகாமல், சுற்றிக்கொண்டே இருந்தது.

எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை.